ரோம், ஃப்ளோரன்ஸ், நடுவில் ஒயின் மலைகள்: வாடகைக் காருக்கு நாள் கணக்கு போடுவது எப்படி

புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் 65 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரம் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். இத்தாலியில் ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனாவுக்கு, ஒயின் தோட்டங்கள் நிறைந்த கியான்டி மலை வழியாகப் போனால் அதுவும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் எஸ்.ஆர். 222 என்ற அந்தச் சாலை முழுக்க வளைவு, ஏற்றம், இறக்கம். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஒன்றேமுக்கால் மணி ஆகும். நிற்காமல் போவதென்றால் அந்த வழிக்கே போக வேண்டியதில்லை, நேர்வழி இருக்கிறது. கிலோமீட்டரைப் பார்த்து நாளை நிரப்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். மலைச் சாலையில் மேப் காட்டும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நகரங்களுக்கு இடையே ரயில், ஒயின் தோட்டங்களுக்கு மட்டும் கார். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு அதிவேக ரயில் ஒன்றரை மணியில் ஊர் நடுவே இறக்கிவிடும். அதே 275 கிலோமீட்டரைக் காரில் போனால் மூன்றரை மணி, சுங்கம், பெட்ரோல், போய்ச் சேர்ந்ததும் பார்க்கிங் தேடல். பத்து இரவு இருந்தால் ரோமில் மூன்று, ஃப்ளோரன்ஸில் மூன்று, இரண்டும் கார் இல்லாமல். மிச்சம் நான்குக்குத்தான் கார்.

காரை ஃப்ளோரன்ஸ் ஊருக்குள் எடுக்காதீர்கள். சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தருகே டி2 டிராம் ஏறினால் இருபது நிமிடத்தில் பெரெடோலா விமான நிலையம். அங்கே எடுத்தால் நகருக்குள் நுழையாமலே வெளியேறலாம். காரணம், இசட்.டி.எல். எனப்படும், வெளி வண்டிகள் நுழையக் கூடாத தடைப் பகுதி. வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம், கீழே நேரம் எழுதிய பலகை. மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது. தடுப்புக் கதவும் இல்லை, போலீஸும் இல்லை, கேமரா மட்டும் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். வழி தவறி மூன்று முறை நுழைந்தால் மூன்று அபராதம். முதலில் வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கென்று கார்டில் ஒரு தொகை எடுக்கும். அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து முத்தியால்பேட்டை வீட்டுக்கே வரும். மேப் இந்தப் பகுதிகளை எப்போதும் எச்சரிக்காது. விடுதி உள்ளே இருந்தால் முன்கூட்டியே வண்டி எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். சியெனா, பியென்ஸா, மொன்டேபுல்ச்சானோ என எல்லா ஊரிலும் ஊர் மதிலுக்கு வெளியே நிறுத்தி நடப்பதே சரி. சியெனாவில் சாந்தா கத்தரீனா பார்க்கிங்கில் விட்டால் எஸ்கலேட்டர் மேலே கொண்டுபோய் விடும்.

கிளம்பும் முன் ஒரு காகித வேலை. இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல்களோடு உங்கள் லைசென்ஸுக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். ஓராண்டு செல்லும். கடலூர்க்காரர்கள் கடலூரில், பி.ஒய். லைசென்ஸ்காரர்கள் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில். பிரான்ஸிலிருந்து வரும் சித்தப்பா கூட வந்தால் யோசிக்காமல் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுங்கள். பிரெஞ்சு லைசென்ஸுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை, வலப்பக்கம் ஓட்டியும் பழகியிருப்பார். அவர் பெயரை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைகொடுக்காது. முன்பணம் பிடிக்க, பிரதான ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இங்கேயே திறந்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் கியர் வண்டிதான், கியரும் வலக்கைக்கு. மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை: இண்டிகேட்டர் இடப்பக்கம். முதல் ரவுண்டானாவில் திரும்பும்போது வெயில் காயும் கண்ணாடியில் வைப்பர் ஓடும். விமான நிலைய பார்க்கிங்கிலேயே பத்து நிமிடம் சுற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். சக்கரம், பம்பர், கண்ணாடி, அடிப்பகுதி எல்லாவற்றையும் எடுக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களுக்குப் போகும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ வெள்ளை ஜல்லிச் சாலைகளில் டயரும் அடிப்பகுதியும்தான் அடிபடும். சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இவை இரண்டும் வராது.

கார் எடுக்கும் முதல் நாளை இப்படிப் போடலாம். காலை 9.30க்கு வாடகைக் கவுண்டர். கையெழுத்து, வீடியோ எல்லாம் முடிய முக்கால் மணியாவது ஆகும். மதியம் வழியில் கிரேவே ஊரில் சாப்பாடு. மூன்று மணிக்கு பன்ஸானோ பக்கம் ஒரே ஒரு தோட்டம். இரவு தங்க காஸ்டெலினா அல்லது ராட்டா. தோட்டத்தில் ஒரு ஒயின் சுவைப்பு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், மூன்று நான்கு ஒயின். ஒரு நாளுக்கு இரண்டு தோட்டம்தான் கணக்கு, மதியத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மூன்றாவதில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. மின்னஞ்சலில் முன்பதிவு கட்டாயம். ஞாயிறன்று பல இடங்கள் மூடியிருக்கும். உணவகச் சமையலறைகளும் இரண்டரைக்கு மூடி ஏழரைக்குத்தான் திறக்கும், அதனால் மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டியும் பெகோரினோ சீஸும்தான்.

இரண்டாம் நாள் சியெனா. மூன்றாம் நாள் அங்கிருந்து 40 கிலோமீட்டர் தெற்கே மொன்டால்ச்சீனோ. கியான்டி கிளாஸிகோ ஒயினில் சான்ஜொவேஸே திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருந்தால் போதும், இங்கத்திய புருனெல்லோ ஒயினில் நூற்றுக்கு நூறும் அதுவே. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் குடித்தால்தான் வித்தியாசம் பிடிபடும். நான்காம் நாள் பியென்ஸா, மொன்டேபுல்ச்சானோ, இடையே வெறும் 14 கிலோமீட்டர். செப்டம்பர் கடைசியில் அறுவடை நடக்கும், பார்க்க அழகு, ஆனால் உங்களோடு பேச ஆளுக்கு நேரமிருக்காது. மே மாதம் நிம்மதி. அங்கே பெரிய விடுமுறையான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தைத் தவிருங்கள்.

ஓட்டுகிறவர் ஒயினைச் சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் அதற்கென்று பாத்திரம் இருக்கும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஓட்டுகிறவருக்கு மது வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். நம்மூரின் 0.3ஐ விடத் தாராளம்தான், ஆனால் லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். புதுச்சேரி எல்லையிலுள்ள கடலூர் ஆல்பேட்டை செக்போஸ்ட் போல பாட்டிலைத் தேட மாட்டார்கள், ஊதச் சொல்வார்கள்.

சுங்கச்சாவடியில் நம் ஃபாஸ்டேக் போன்ற டெலிபாஸ் வண்டிகளுக்கான மஞ்சள் பாதை உங்களுக்கு இல்லை. நீலம் கார்டுக்கு, வெள்ளை பணத்துக்கு. தவறி நுழைந்தால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், பிறகு கட்டலாம். பெட்ரோல் பங்கில் ‘பென்ஸீனா’ பெட்ரோல், ‘கஸோலியோ’ டீசல். கஸோலியோவை கேஸோலின் என்று நினைத்து டீசலை ஊற்றி இன்ஜினைக் கெடுத்தவர்கள் உண்டு. ‘ஃபை தா தே’ என்ற வரிசையில் நீங்களே நிரப்பினால் விலை குறைவு.

கடைசி நாள் ஃப்ளோரன்ஸுக்குத் திரும்பாமல் ரோமின் ஃப்யூமிச்சீனோ விமான நிலையத்திலேயே காரை விடுங்கள். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு நாள் மிச்சம். மொன்டேபுல்ச்சானோவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். டேங்க் நிரப்ப, ஒப்படைக்க, எல்லாம் சேர்த்து விமானத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ஒயினைச் செக்-இன் பெட்டியில், ஜீன்ஸுக்குள் சுருட்டி, நடுவில் வையுங்கள். சென்னை சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லை, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது பாட்டிலைக் கடைசி இரவே திறந்துவிடுங்கள்.