வான்கோவின் வயலைப் பொம்மை வயலாக்க: ஓவியத்தில் டில்ட்-ஷிஃப்ட்

படத்தின் குறுக்கே ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, அதற்கு மேலும் கீழும் மங்கலாக்குவதுதான் டில்ட்-ஷிஃப்ட். சின்னப் பொருளை மிக அருகிலிருந்து எடுக்கும்போதுதான் ஃபோகஸ் இவ்வளவு குறுகும். கண்ணுக்கு அது பழகிப்போனதால், பெரிய வயல்கூட மேசைமேல் பரப்பிய பொம்மைபோலத் தெரிகிறது.

பாதி வேலை ஓவியத்தைத் தேர்வதிலேயே முடிந்துவிடும். மேலிருந்து பார்த்த, தரை நீண்டு விரியும் காட்சி வேண்டும். வான்கோ 1888இல் பிரான்ஸின் ஆர்ல் ஊரருகே வரைந்த 'அறுவடை' கச்சிதமாகப் பொருந்தும்: தொடுவானம் உயரத்தில், நடுவே நீல வண்டி. 'விண்மீன் இரவு' சரிவராது. பாதிக்கு மேல் வானம்தான். ஓவியர் புரூகலின் 'பனியில் வேடர்கள்' (1565) அழகாக வரும், ஆனால் முன்னால் நிற்கும் மரங்கள் படுத்தும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறைந்தது 3000 பிக்சல் அகலமுள்ள படமாக எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, ஃபில்டர் மெனுவில் பிளர் கேலரி, அதில் டில்ட்-ஷிஃப்ட். திரையில் வரும் கோடுகளில், தெளிவான பட்டையைக் குறிக்கும் முழுக்கோடுகள் இரண்டுக்கும் நடுவே நீல வண்டி வரட்டும். இடைவெளி படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். பிளர் அளவு 20 முதல் 25 பிக்சல். அதைத் தாண்டினால் பொம்மை போய் வெறும் மூட்டம்தான் மிஞ்சும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்பவர்கள் நகல் லேயரைக் காஸியன் பிளரால் மங்கலாக்கி, அதன் மாஸ்க்கில் (கறுப்பு பட்ட இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை பட்ட இடத்தில் காட்டும் திரை) பை-லீனியர் கிரேடியன்ட், அதாவது நடுவில் கறுத்து இருபுறமும் வெளுக்கும் நிறமாற்றம், இழுப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: பட்டையின் ஓரங்களில் தெளிவும் மங்கலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இரட்டை நிழல் தட்டும். அதைத் தவிர்க்க, இரண்டு லேயருக்கும் நடுவில் 6 பிக்சல் பிளர் கொண்ட இன்னொரு லேயரை, கறுப்புப் பட்டை குறுகிய மாஸ்க்கோடு வையுங்கள்.

அடுத்து, நிமிர்ந்து நிற்பவை. பட்டையில் அடி ஊன்றிய வீட்டின் கூரையும் மரத்தின் உச்சியும் மங்கிப்போயிருக்கும். அசல் டில்ட் லென்ஸிலும் அப்படித்தான் ஆகும். ஆனால் உண்மையான பொம்மையில் அடியும் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே தூரம். மங்கலான லேயரின் மாஸ்க்கில் (ஃபோட்டோஷாப்பில் முதலில் ஒரு மாஸ்க்கைச் சேர்த்துக்கொண்டு) கறுப்பு பிரஷால் அவற்றைத் தீட்டித் தெளிவை மீட்டெடுங்கள். முன்புறத்தில் நிற்பவற்றைத் தொட வேண்டாம்.

புகைப்படத்துக்குச் செய்வதுபோல் நிறத்தை ஏற்றாதீர்கள். வான்கோவின் மஞ்சள் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது, இன்னும் ஏற்றினால் தூரிகைத் தடங்கள் ஒன்றாகிக் கறையாகிவிடும். பழைய ஓவியத்தின் நுண்விரிசல்கள் தெளிவான பட்டையில் தெரிந்தால் குளோன் கருவியால் மூடுங்கள், இல்லையென்றால் இது கித்தான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மங்கிய பகுதி பிளாஸ்டிக்போல வழவழவென்று இருந்தால் அங்கே மட்டும் 1 முதல் 2 சதவீதம் நாய்ஸ் (நுண்புள்ளிகள்) சேர்த்தால் சரியாகும்.