நீலகிரிக்கு வெளிநாட்டு ஃபண்டோட வேலைக்கு வர்றீங்களா? ஊர்ல எப்படி நடந்துக்கணும்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் பழங்குடி மக்களுக்காக ப்ராஜெக்ட் பண்ண வர்றீங்கன்னா, ப்ரோபோசல் எழுதறதுக்கு முன்னாடியே அவங்க ஊருக்குப் போங்க. பட்ஜெட், டார்கெட் எல்லாம் முடிவு பண்ணி, பணம் குடுக்கற டோனர் கிட்ட ஓகே வாங்கிட்டு அப்புறம் வந்து "நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டா வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு தலையாட்டுவாங்க, அதை சம்மதம்னு எழுதிக்காதீங்க. 2007-ல ஐ.நா. கொண்டுவந்த பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துலயே இருக்கு, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி, முழு விவரமும் சொல்லி, வற்புறுத்தாம கேக்கணும். வேணாம்னு சொன்னா விட்டுடணும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு இங்க ஆறு சமூகம் இருக்கு, எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. பணியர்கள் தலைமுறை தலைமுறையா நிலக்காரங்க கிட்ட கொத்தடிமையா இருந்தவங்க, அந்த நிலக்காரங்க வீட்டு ஆளோ எஸ்டேட் சூப்பர்வைசரோ முன் வரிசையில உக்காந்திருக்க கூட்டத்துல அவங்களுக்கு எப்படிப் பேச்சு வரும்? அவங்க குடியிருப்புலயே தனியா உக்காருங்க, பெண்கள் கிட்ட பேச பெண் பணியாளரை அனுப்புங்க, அவங்க மொழி பேசற உள்ளூர் பிள்ளைகளை சம்பளத்துக்கு சேத்துக்கங்க.

கூட்டம் போடற நேரம் ரொம்ப முக்கியம், இதுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. பகல்ல வெச்சா தேயிலை பறிக்கப் போறவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு வரைக்கும் ப்ரெசன்டேஷன் காட்டினா அவங்க யானை நடமாடற பாதையில இருட்டுல வீட்டுக்கு நடக்கணும், கைக்குழந்தையோட வந்த அம்மா உட்பட. நீங்க ஜீப்புல போயிடுவீங்க. அதனால நாள், நேரம் அவங்களையே சொல்லச் சொல்லுங்க, பகல்லதான் முடியும்னா அன்னைய கூலியை பட்ஜெட்லயே போடுங்க, இருட்டிடுச்சுன்னா வண்டியில வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. தேன் எடுக்கப் போற சீசன்ல குறும்பர் ஊருக்கு சர்வே ஃபார்மோட போகவே போகாதீங்க.

தேன், நெல்லிக்காய், கடுக்காய்னு காட்டுப் பொருளைத் தொடற வேலைன்னா 2006 வன உரிமைச் சட்டத்தைப் படிச்சிட்டு வாங்க, அந்தக் காட்டு வளத்தைக் காப்பாத்தவும் முறைப்படுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் இருக்கு. ஆபீசர் பர்மிஷன் கையில இருந்தாலும் ஊரைக் கேக்கணும்.

பண விஷயத்துல ஒளிவு மறைவே வேணாம். 2020-ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் ஒரு அமைப்புக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திவிட முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால "உங்க சங்கத்துக்கே பணம் வரும்"னு வாக்கு குடுத்துடாதீங்க. மொத்தம் எவ்வளவு, எதெதுக்கு, எந்த மாசம் முடியுதுன்னு தமிழ்ல ஒரு பக்கத்துல எழுதி ஊர்க் கூட்டத்துல வாசிச்சுக் காட்டுங்க, சம்பளக் கணக்கும் சேத்து.

தோடர் மந்துக்கு, அதாவது அவங்க குடியிருப்புக்குப் போனா கோயில் பக்கம் தானா போகாதீங்க, எது வரைக்கும் போகலாம்னு கேளுங்க. போட்டோவுக்கும் அப்படித்தான், எந்த ரிப்போர்ட்ல எந்த நாட்டுல வரும்னு சொல்லிட்டு எடுங்க, எடுத்ததை பிரிண்ட் போட்டுக் குடுங்க. கிழிஞ்ச சட்டையோட இருக்கற குழந்தையைத் தேடிப் பிடிச்சு எடுக்கறது ரொம்பத் தப்பு, அந்தக் குழந்தைக்கும் நாளைக்கு போன் வரும், அதைப் பாக்கும்.

வருஷக் கடைசி ரிப்போர்ட்டை டோனருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஊர்ல வாசிங்க. "இது நடக்கவே இல்லையே"ன்னு யாராவது சொன்னா அந்த வரியை எடுத்துட்டு அனுப்புங்க.