ஒரு சொம்புத் தண்ணீரில் ஒளு: புதிதாகக் கற்பவர்களுக்கு

பள்ளிவாசல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்) செய்து பழகியவர்களிடம் ஒரு சொம்பு போதும் என்றால் நம்ப மாட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ (அக்கால அளவை) தண்ணீரில் ஒளு செய்ததாகத் தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஷாஃபி மத்ஹப் (சட்டவழி) கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் குறைவு; ஹனஃபி மத்ஹப் கணக்கில் சற்றுக் கூடுதல். ஆகவே லிட்டர் சொம்பு ஒன்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் நகத்தைப் பாருங்கள். காய்ந்த மாவு, பெயிண்ட், நெயில் பாலிஷ் இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அடியில் தண்ணீர் படாது. மருதாணிச் சிவப்பு இருந்தால் பரவாயில்லை. மோதிரம் இறுக்கமா, சுழற்றிவிடுங்கள்.

மனதில் நிய்யத் (ஒளு செய்கிறேன் என்ற எண்ணம்), வாயில் பிஸ்மில்லாஹ். முகம் கழுவும்போதும் நிய்யத் மனதில் இருக்கட்டும், ஷாஃபி மத்ஹபில் அது ஃபர்ளு (கட்டாயம்). சொம்புக்குள் கையை விடாமல் சாய்த்து ஊற்றி, மணிக்கட்டு வரை கழுவி, வாய் கொப்பளியுங்கள். வலக்கையால் மூக்கில் நீர் செலுத்தி இடக்கையால் சிந்துங்கள். நோன்பு வைத்திருந்தால் உறிஞ்ச வேண்டாம்.

அடுத்து முகம்: நெற்றி முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடைக்குக் கீழ் வரை, காதிலிருந்து காது வரை. தாடி அடர்த்தியாக இருந்தால் மேலே கழுவி விரலால் கோதினால் போதும். மெல்லிய தாடி என்றால் தோல் நனைய வேண்டும்.

பிறகு வலக்கை, இடக்கை. விரல் நுனியில் தொடங்கி முழங்கையையும் சேர்த்துக் கழுவ வேண்டும். பலருக்கும் காய்ந்து நிற்பது முழங்கையின் பின்பக்கம்தான், உள்ளங்கையால் தேய்த்துவிடுங்கள். மூன்று முறை கழுவுவது சுன்னத் (நபிவழி). தண்ணீர் குறைந்தால் ஒரு முறையிலேயே ஃபர்ளு நிறைவேறிவிடும். மூன்றுக்கு மேல் போவது வீண் விரயம்.

ஈரக் கையை முன்நெற்றியிலிருந்து பிடரி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் தலைக்கு மஸஹ் ஆயிற்று. ஷாஃபியில் தலையின் சிறு பகுதி நனைந்தாலே போதும், ஹனஃபியில் கால்வாசி வேண்டும். முழுத் தலையையும் தடவினால் இரண்டுக்கும் சரி. ஆள்காட்டி விரலால் காதின் உள்ளே, பெருவிரலால் வெளியே.

கடைசியாகக் கால்கள், கரண்டையோடு (கணுக்கால்) சேர்த்து. இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு பயணத்தில் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் நெருக்கியதால் தோழர்கள் கால்களை மேலோட்டமாக நனைத்தபோது, குதிகால்களுக்கு நரகக் கேடுதான் என்று நபியவர்கள் உரக்க எச்சரித்தார்கள். இடக்கையால் குதிகால் வெடிப்பைத் தேய்த்தபடியே ஊற்றுங்கள். இடக்கைச் சுண்டுவிரலால் கால்விரல் இடுக்குகளைக் கோதுங்கள்; வலக்கால் சுண்டுவிரல் இடுக்கிலிருந்து ஆரம்பித்து, இடக்கால் சுண்டுவிரலில் முடியுங்கள். முகம், கை, தலை, கால் என்ற வரிசையை மாற்றினால் ஷாஃபி மத்ஹபில் ஒளு கூடாது.

முடிந்ததும் கலிமா ஷஹாதத் (நம்பிக்கை உறுதிமொழி) சொல்லுங்கள்.

எதனால் முறியும் என்பதில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். ரத்தம் வழிந்தால் ஒளு போயிற்று என்பார்கள் ஹனஃபிகள் மிகுந்த வாணியம்பாடியில். ஷாஃபிகள் வாழும் காயல்பட்டினத்தில் போகாது. அங்கே மனைவியின் கை நேரடியாகப் பட்டால் முறியும். இரண்டும் ஆதாரமுள்ள வழிகள். உங்கள் மத்ஹபைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகம் மட்டும் வந்தால் ஒளு அப்படியே இருக்கிறது: சத்தமோ நாற்றமோ தெரியாதவரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம் என்பது ஹதீஸ்.