கேஸ் டிடெக்டர் 0 காட்டுகிறதா? கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள்

புதிதாகப் பொருத்திய கேஸ் டிடெக்டருக்கு மின்சாரம் கொடுத்ததும் பேனலில் 0 வந்துவிட்டால், எல்லாம் சரி என்று வேலை முடிந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுகிறோம். செத்துப்போன சென்சாரும் அதே 0-வைத்தான் காட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது, சென்சார் சூடேறும் முன்பே ஜீரோ செய்வதற்குத்தான், அதாவது அப்போது காட்டும் அளவையே 0 என்று பதிவதற்கு. எரியும் வாயுக்களுக்கான கேட்டலிடிக் சென்சாருக்குள் இரண்டு சிறிய மணிகள் 400, 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகி நிலைக்கு வர வேண்டும். அதுவரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். சுத்தமான காற்றிலேயே 6 சதவீதம் எல்இஎல் (வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) காட்டும் நேரத்தில் அதை 0 என்று பதிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்சார் நிலைக்கு வந்ததும் எல்லா அளவும் 6 குறைந்துவிடும். 20-இல் அடிக்க வேண்டிய அலாரம் 26 வரை வாய் திறக்காது. பேனலைப் பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? சென்சாரைப் பொறுத்தது. இன்ஃப்ராரெட் வகை சீக்கிரம் தயாராகிவிடும். செமிகண்டக்டர் வகைக்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். நைட்ரிக் ஆக்சைடு போன்ற வாயுக்களுக்கான, பயாஸ் எனப்படும் சிறு மின்னழுத்தம் தொடர்ந்து தேவைப்படும் எலெக்ட்ரோகெமிக்கல் சென்சார்கள் பல மணி நேரம் கேட்கும். கையேட்டில் இரண்டு நேரம் இருக்கும்: ஒன்று டிடெக்டர் வேலையைத் தொடங்க, இன்னொன்று கேலிபரேஷன் (அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அளவீட்டைச் சரிசெய்வது) செய்ய. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது சிலிக்கோன். கேபிள் நுழையும் இடத்தில் சீலன்ட் பூசுவது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதன் ஆவி கேட்டலிடிக் மணியின் மேல் படிந்தால் அது திரும்பவும் உயிர் பெறாது. பெயின்ட், சீலன்ட், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு சென்சார் தலையை மாட்டுங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். தூசி மூடியைக் கழற்றினீர்களா என்று ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார்கள் சிலவற்றின் பின்களுக்கு நடுவே மெல்லிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பெட்டியில் இருக்கும்போது பின்களை ஷார்ட் செய்து வைப்பதற்கானது அது. அதோடு மாட்டினால் வாயு வந்தாலும் 0-தான்.

உயரம் பலருக்கும் தெரிந்ததுதான்: மீத்தேன் மேலே ஏறும், எல்பிஜி தரையோடு பரவும், கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து நிற்பதால் மூச்சுவிடும் உயரம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அப்புறம், ஏணி போட்டாலும் எட்டாத மூலையில் வைத்துவிட்டால் கேலிபரேஷனுக்கு யார் போவார்கள்?

சூடேறும் நேரத்தில் பொய் அலாரம் அடிக்காமல் இருக்கப் பேனலில் இன்ஹிபிட் (அலாரத்தைத் தற்காலிகமாகத் தடுத்து வைப்பது) போடுவார்கள். கேலிபரேஷன் முடிந்ததும் சோதனை வாயுவைக் கொஞ்சம் காட்டி, அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஹிபிட்டை எடுத்துவிட்டு இன்னொரு முறை காட்டுங்கள். சைரன் சத்தத்தைக் காதால் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.