பாதுகாப்புக் கொள்கை ஆய்வுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டும் ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். அந்த வயதில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். அடிக்குறிப்பு விட்டுப்போவது, பெயரில் எழுத்துப்பிழை இதையெல்லாம் நெறியாளர் பார்த்துக்கொள்வார். பிழைப்பையே கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

வரைவைக் கொள்கை என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1999 ஆகஸ்டில் இந்தியாவின் அணு ஆயுதக் கோட்பாட்டு வரைவு வெளியானது. தயாரித்தது கே. சுப்ரமணியம் தலைமையிலான தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம். பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனை சொல்லத்தான் அந்த வாரியம். இது அரசின் கொள்கை ஆவணம் இல்லை என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே அதே ஆண்டு சொல்லிவிட்டார். அரசின் நிலை வேண்டுமென்றால், 2003 ஜனவரி 4 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடிய பின் வந்த செய்திக்குறிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தியா மீதோ, எங்கிருந்தாலும் இந்தியப் படைகள் மீதோ ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் பெருந்தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி கொடுக்கும் உரிமையை வைத்துக்கொள்வோம் என்பது 2003-ல் வந்தது. 1999 வரைவில் அது கிடையாது. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் வரைவை நம்பி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். வேலைக்கான நேர்காணலில் ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், “தம்பி, இது எந்த வருஷத்து வாசகம்?” என்று கேட்டார். பையன் விழித்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் இடம் வேறு ஒருவருக்குப் போனது.

அமைச்சர்களின் பேச்சிலும் இதே கூத்து. ‘அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம்’ என்று ஏன் நம்மைக் கட்டிப்போட வேண்டும் என்று 2016-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் கேட்டார். சொந்தக் கருத்து என்றும் சேர்த்தே சொன்னார். 2019-ல் பொக்ரானில் ராஜ்நாத் சிங், இனி நடப்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். உடனே ‘கொள்கை மாறியது’ என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்த உறுதியைச் சொல்லும் 2003 குறிப்பை யாரும் திரும்பப் பெறவில்லையே! எந்தத் தாளைத் தொட்டாலும், அதற்கு ஒப்புதல் தந்தது யார் என்று முதலில் பாருங்கள்.

திறக்காத கோப்பை நம்பித் தலைப்பு எடுப்பது

25 ஆண்டு கடந்த அரசுக் கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்கு வர வேண்டும் என்பது விதி. நடப்பு வேறு. 1962 சீனப் போர் பற்றி ராணுவமே நடத்திய ஆய்வான ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. 2014-ல் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் ஏற்றிய பகுதிதான் நம் கையில் இருக்கிறது. டெல்லி ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், என்ன கிடைக்கிறது என்று பார்த்த பிறகு தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஜெனரலின் நினைவுகள்

கேளுங்கள். ஆவணத்தோடு ஒத்துப்பார்க்காமல் எழுதாதீர்கள்.

யாராவது ரகசியத் தாளை நீட்டினால்

வாங்காதீர்கள். 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் ஆய்வாளருக்கு விலக்கு இல்லை.

டிவி விவாதம்

முனைவர் பட்டம் வாங்கும்வரை வேண்டாம்.