ஏஐ படங்களைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி அடுக்குவது எப்படி?

மாம்பலத்தில் ஒரு வீட்டுக்கு 2025 நவராத்திரிக்கான கொலு அழைப்பிதழ் படம் செய்து கொடுத்தேன். சில மாதம் கழித்து, "அதே பொம்மைகளை வைத்து வாழ்த்து அட்டை வேண்டும்" என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் 00012, 00013 என்று வெறும் எண்களாகவே படங்கள். இரண்டு ராத்திரி தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், போன் என்று சிதறிக் கிடப்பதை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். அதற்குள் வருடம், வருடத்துக்குள் வேலை. அது போதும்.

படி 2: 2025-09-22_கொலு_மாம்பலம்_03 என்பதுபோலப் பெயர் வையுங்கள். வருடம் முதலில் வந்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும்.

படி 3: பிராம்ப்டை, அதாவது படம் கேட்டு ஏஐ-க்கு எழுதிக் கொடுத்த வரிகளை, காப்பாற்றுங்கள். எனக்கு இதுதான் உயிர்நாடி. ஆட்டோமேட்டிக்1111 என்ற ஏஐ படச் செயலியில் செய்த பிஎன்ஜி படத்துக்குள்ளேயே பிராம்ப்டும் சீட் எண்ணும் (அதே படத்தைத் திரும்பச் செய்ய உதவும் எண்) எழுத்தாகப் பதிந்திருக்கும். 'பிஎன்ஜி இன்ஃபோ' பகுதியில் படத்தைப் போட்டால் தெரியும். கம்ஃபியூஐ என்ற இன்னொரு செயலியில் செய்த படத்தை அதன் திரைக்குள் இழுத்துவிட்டாலே, படம் செய்ய அன்று கட்டங்களை இணைத்துப் போட்ட அமைப்பு முழுதும் திரும்பிவரும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலோ அந்தப் பிரதியில் இதெல்லாம் இருக்காது. பிறகு வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அசலை அழித்துவிடாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டருக்கு அசலையே அனுப்ப வேண்டுமா? டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிராம்ப்டைப் படத்துக்குள் சேமிக்காத செயலி என்றால், படத்தின் பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு அதில் ஒட்டிவையுங்கள்.

படி 4: டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரைச் சேர்த்து, கொலு, கோலம், அழைப்பிதழ் என்று டேக் (தேட உதவும் அடையாளச் சொல்) போடுங்கள். ஒருநாள் 'கோலம்', மறுநாள் 'கோலங்கள்' என்று மாற்றினால் தேடும்போது பாதிதான் வரும். டேக்குகளைப் படத்துக்குள் எழுதாமல், பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற தனி விவர ஃபைலில் எழுதும்படி டிஜிகேமின் மெட்டாடேட்டா (படம் பற்றிய விவரங்கள்) அமைப்பில் மாற்றுங்கள். அசல் பிஎன்ஜியில் யாரும் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

சரி, தேடுவது? கொலு, அழைப்பிதழ் இரண்டு டேக்கையும் சேர்த்துக் கேட்டால் நாலைந்து படங்கள்தான் வரும். பிடித்ததற்கு முன்பே நட்சத்திரம் போட்டிருந்தால் இன்னும் சுலபம்.

படி 5: வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தரைத்தள வீடு என்றால் அந்த டிஸ்க் மாடியில் இருக்கும் உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும்.