சுவர் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள்

வீட்டைப் பெரிய அளவில் புதுப்பிக்கும்போது எதற்குச் செலவு செய்வது என்று குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் பின்னாளில் செய்ய நினைத்தால் சுவரையோ தரையையோ மறுபடி உடைக்க வேண்டியிருக்குமா? ஆமாம் என்றால் இப்போதே செய்துவிடுங்கள். பெயின்ட், அலங்கார விளக்கு, அலமாரிக் கதவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் பழசாகிவிட்டன என்றால் முதல் பணம் அதற்குத்தான். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன், நாளைக்குத் தேவைப்படலாம் என்று சுவருக்குள் வயர் இழுக்க இரண்டு மூன்று காலி பைப், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும், உயிர் காக்கிற பொருள், இதில் மட்டும் தயவுசெய்து கணக்குப் பார்க்காதீர்கள்).

குளியலறையில் டைல்ஸைவிட அதற்கு அடியில் போகும் வாட்டர்ப்ரூஃபிங்தான் முக்கியம். அது நன்றாகக் காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 24 மணி நேரம் அப்படியே விட்டு, மட்டம் இறங்கியிருக்கிறதா, கீழே உள்ள அறையின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வேலை நிற்கிறதே என்று அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, காசே ஆகாது: பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு டிரில் போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.